சென்னையின் கல்லறைகள்: புகழும் பராமரிப்பும்

சென்னை மாநகரின் எல்லைக்குள் வரலாற்றில் பெயர் பெற்றவர்கள் எவரெவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர் என்னும் கேள்விக்கு ஒரே நூலில் விடை தேடினால் கிடைக்காது. கோட்டையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள ஐரோப்பியர் கல்லறைகளின் வாசகங்களைத் திரட்டி, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி 1905ஆம் ஆண்டிலேயே ஒரு பட்டியல் நூலை அரசு வெளியீடாகக் கொண்டுவந்துவிட்டார். மூலக்கொத்தளத்திலும் ஓட்டேரியிலும் திருவல்லிக்கேணியிலும் அடங்கியுள்ள இம்மண்ணின் மைந்தர்களுக்கோ அவ்வளவு விரிவான பட்டியல் எதுவும் பரவலாகக் கிடைப்பதில்லை. அவர்களைப் பற்றிய செய்திகள் நினைவு மலர்களிலும் இயக்க ஏடுகளிலும் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. இவ்விரு வகைச் செய்திகளையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாறு நோக்கும்போது தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு: கல்லறை ஒன்று காலத்தைத் தாண்டி நிற்பதற்கு அதில் அடங்கியவரின் புகழ் மட்டும் போதுவதில்லை, திருச்சபையோ பள்ளிவாசலோ இயக்கமோ அரசோ, அதைப் பேணும் பொறுப்பை ஏற்ற அமைப்பு ஒன்று இடைவிடாது இயங்கிவர வேண்டும்.

முதலில் ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் வாழ்ந்து மறைந்த பெருமக்களுள் பெரும்பாலோருக்குக் கல்லறையே கிடையாது. உடலை எரிக்கும் சுடுகாடு, புதைக்கும் இடுகாடு என்னும் இருவகை இடங்களும் தமிழகத்தில் நெடுங்காலமாக வழக்கில் இருந்துவருகின்றன. குடும்ப வழக்கமும் சாதி வழக்கமும் சமயமுமே ஒருவர் எங்கே போய்ச் சேர்வார் என்பதைத் தீர்மானித்தன. 1920ஆம் ஆண்டு ஏப்ரலில் சேத்துப்பட்டில் காலமான கணிதமேதை இராமானுஜனும், 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமான பாரதியாரும் எரியூட்டப்பட்டவர்கள். பாரதியாரின் இறுதி ஊர்வலத்தில் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாடு வரை சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. அவரைத் தேடி வருவோர் இன்று திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டுக்குத்தான் செல்கிறார்கள். ஆகவே கல்லறைகளை மட்டும் கொண்டு நகரத்தின் பெருமக்களை மதிப்பிடுவது, புதைக்கும் வழக்கமுள்ள சமயத்தாரையும் சமூகத்தாரையும் மட்டும் எண்ணுவதாக முடியும்.

புதைக்கும் வழக்கம் இந்நிலத்துக்கு வெளியிலிருந்து வந்ததும் அன்று. சென்னையை ஒட்டிய பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழை, அதாவது இறந்தோரின் எச்சங்களை வைத்துப் புதைப்பதற்கெனக் கால்கள் வைத்துச் செய்யப்பட்ட மண்பெட்டி, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. பிற்காலத்தில் எரிக்கும் வழக்கமுடைய சமூகங்களிலும் துறவியரை மட்டும் எரிக்காமல் அமர்ந்த நிலையில் அடக்கம் செய்து, மேலே சிவலிங்கம் நிறுவி வழிபடும் முறை நிலைத்தது. இதையே சமாதி என்பர். திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி என வழங்கும் கோயிலும், 1929ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் மறைந்த பாம்பன் குமரகுருதாச சுவாமிகளின் திருவான்மியூர் அடக்கத் தலமும் இவ்வகையின. பட்டினத்தார் அங்கே அடங்கினார் என்பது மரபுச் செய்தி. பாம்பன் சுவாமிகளின் அடக்கமோ நாள் குறித்துச் சொல்லத்தக்க வரலாற்று நிகழ்ச்சி. மரபுக்கும் ஆவணத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு சாந்தோமிலும் எதிர்ப்படுகிறது. இயேசுவின் சீடருள் ஒருவரான தோமையார் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்னும் மரபை மார்க்கோ போலோ தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். அவருடைய எலும்புகள் பின்னர் எடெசாவுக்கும் அங்கிருந்து இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டன எனத் திருச்சபை மரபு கூறுகிறது. இன்றுள்ள சாந்தோம் பேராலயம் 1896இல் எழுந்தது. மரபு குறிக்கும் கல்லறை அதனுள்ளேயே பேணப்பட்டு வருகிறது.

ஆவண வழியில் நகரின் மிகப் பழைய ஐரோப்பியர் கல்லறைகளைக் காண விரும்புவோர் செல்ல வேண்டிய இடம், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயமாகும். 1680ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்ட இவ்வாலயத்தைச் சுற்றிலும் தரையில் கல்லறைப் பலகைகள் பாவப்பட்டுள்ளன. கருங்கல்லில் ஆழமாக வெட்டப்பட்ட இலத்தீன், ஆங்கில எழுத்துகளும், குடும்பச் சின்னங்களும், சில பலகைகளில் போர்த்துக்கீசிய வாசகங்களும் தென்படும் இவ்விடத்தில் நடப்பவர், தம் காலடியில் உடல்கள் இருப்பதாக எண்ணுவது இயல்பு. உண்மையில் அங்கே உள்ளவற்றில் பெரும்பாலானவை உடல்களைப் பிரிந்து வந்த கற்கள். ஆங்கிலேயரின் முதல் இடுகாடு கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் நிலப்பகுதியில், கொய்யாத் தோட்டம் என்று அழைக்கப்பட்ட இடத்தில் இருந்தது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமாகக் கட்டப்பட்டிருந்த அந்தக் கல்லறைகள் எதிரிப் படைக்கு மறைவிடங்களாகப் பயன்பட்டன. முற்றுகை நீங்கியதும் அவற்றை இடித்துத் தரைமட்டமாக்கிய கிழக்கிந்தியக் கும்பினியார், பெயர் பொறித்த பலகைகளை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பதித்தனர். அவற்றுள் 1652ஆம் ஆண்டைக் குறிக்கும் எலிசபெத் பேக்கரின் பலகை, இந்தியாவில் உள்ள ஆங்கிலேயர் கல்லறை வாசகங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது; இவர் கோட்டையின் முதல் தலைவராக இருந்த ஆரன் பேக்கரின் மனைவி.

அன்றைய இடிப்பிலிருந்து தப்பிய கல்லறை ஒன்று இன்றும் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூர்நுனிக் கோபுரம் போல உயர்ந்து நிற்கிறது. கும்பினியின் ஆலோசனைச் சபையில் உயர் பதவி வகித்து 1680இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ் இதனுள் அடக்கம் செய்யப்பட்டவர். அவருடைய கைம்பெண் கேத்தரினை அதே ஆண்டு நவம்பரில் புதிதாக அர்ச்சிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தில் எலிஹு யேல் மணந்தார். அவ்வாலயத்தில் நடந்த முதல் திருமணம் அதுவே எனப் பதிவேடு காட்டுகிறது. யேல் பின்னர் 1687 முதல் 1692 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். அவர் அனுப்பிய பொருள்களின் பயனைப் பெற்ற அமெரிக்கக் கல்லூரி ஒன்று 1718இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. யேல் 1721இல் இங்கிலாந்தில் இறந்து வேல்ஸ் நாட்டு ரெக்ஸாமில் அடக்கமானார். ஆனால் அவருடைய மகன் டேவிட், சிறு குழந்தையாகவே 1688இல் இறந்து, தாயின் முதற்கணவரான ஹின்மர்ஸின் கல்லறையிலேயே வைக்கப்பட்டான். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரோடு தொடர்புடைய இக்கல்லறை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தும், வளாகத்தில் வாகன நிறுத்தக் கட்டடம் எழுப்ப இடையூறாக இருக்கிறது என்ற காரணத்தால் வழக்குக்கு உள்ளாயிற்று. இதற்குத் தொல்லியல் மதிப்பு இல்லை என்று கருதி இடம் மாற்றுமாறு 2023இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஆணையிட, அது மேல்முறையீட்டுக்கும் சென்றது. சட்டப் பாதுகாப்பு மட்டுமே ஒரு கல்லறைக்குக் காப்பு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இடம் மாற்றினாலும் கல் அழியாதே எனச் சிலர் வாதிடலாம். ஆனால் கொய்யாத் தோட்டத்து இடுகாடு எங்கே இருந்தது என்பதைத் தரையில் நின்று காட்டும் அடையாளம் அதுதான். அது பெயர்ந்துவிட்டால், ஆலயத்தைச் சுற்றிக் கிடக்கும் மற்றக் கற்களைப் போல அதுவும் இடமிழந்த எழுத்தாகிவிடும்.

ஆலயத்தின் உள்ளே அடங்கியவர்கள் ஆட்சியாளர்கள். 1776இல் தம் சபை உறுப்பினர்களாலேயே கைது செய்யப்பட்டு, காவலில் இருந்தபடியே 1777 மே மாதத்தில் இறந்த ஆளுநர் பிகட், நெடுங்காலம் பெயர் பொறிக்கப்படாத கல்லின் கீழ்க் கிடந்தார். தாமஸ் மன்றோவின் வரலாறு வேறு. மக்களிடையே நற்பெயர் பெற்ற இந்த ஆளுநர், 1827ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், இன்று ஆந்திரத்தில் உள்ள பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தபோது அருகிலிருந்த குத்தியில் அடக்கம் செய்யப்பட்டார். 1831இல் அவருடைய எச்சங்கள் அங்கிருந்து எடுக்கப்பட்டுக் கோட்டை ஆலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 1860இல் பதவியேற்ற சில வாரங்களிலேயே அதே நோயால் இறந்த ஹென்றி வார்டும், 1875இல் இறந்த ஹோபார்ட் பிரபுவும் இங்கேயே உள்ளனர். நினைவுச் சின்னத்தையும் கல்லறையையும் ஒன்றாகக் கொள்ளும் பிழை இவ்வாலயத்தைப் பற்றி எழுதுவோரிடம் அடிக்கடி நேர்கிறது: தமிழறிந்த ஜெர்மானியச் சமயத்தொண்டர் ஷ்வார்ட்ஸுக்கு இங்கே ஜான் பேக்கன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் உண்டு, ஆயினும் 1798இல் மறைந்த அவர் அடக்கமாகியிருப்பது தஞ்சாவூரில். ஆலயத்துக்கு வெளியே, கூவத்தின் நடுவிலுள்ள தீவுத்திடலை ஒட்டிய புனித மரியாள் இடுகாடு, கொய்யாத் தோட்டம் மூடப்பட்டபின் ஆங்கிலேயர் பயன்படுத்திய இடமாகும். அங்கே படைவீரர்களும் எழுத்தர்களும் அவர்தம் குழந்தைகளுமே மிகுதி. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் காய்ச்சலும் வாந்திபேதியும் எத்தனை இளம் உயிர்களைக் கொண்டுபோயின என்பதை அறிய, அங்குள்ள வயதுக் குறிப்புகளை வரிசையாகப் படித்தாலே போதும்.

ஆங்கிலேயரைக் காட்டிலும் அக்கறையோடு தனித்துப் பேச வேண்டியவர்கள் ஆர்மேனியர். பாரசீகத்தின் ஜுல்பாவிலிருந்து வாணிகத்துக்காக வந்து இந்நகரில் தங்கிய இச்சிறு கிறித்தவச் சமூகத்தாருள் தலையாயவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலத்தைத் தம் செலவில் கட்டியவரும், பரங்கிமலை உச்சிக்குப் படிக்கட்டு அமைத்தவரும் இவரே. ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்த பொதுமக்களுக்கும் மலையேறிய பயணிகளுக்கும் ஒரு வணிகர் தாமாக முன்வந்து செய்த இப்பணிகள், அக்காலத்து ஆட்சியாளர் எவரும் செய்தவற்றுக்குக் குறைந்தவை அல்ல. 1751இல் இறந்த அவருடைய உடல் வேப்பேரியில் அவர் ஆதரித்த சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும், அவருடைய விருப்பப்படி, பெட்டியில் வைத்து ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது. அவ்வாலயம் பின்னர்ச் சீர்திருத்தச் சபையாரிடம் சென்று, இன்று புனித மத்தியா ஆலயமாக விளங்குகிறது. இவ்வாறு கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் அடங்கிய ஓர் ஆர்மேனியரின் கல்லறை, வேறொரு சபையாரின் பராமரிப்பால் நிலைத்து நிற்கிறது.

ஜார்ஜ் டவுனின் அரண்மனைக்காரத் தெரு என்று தமிழில் திரிந்து வழங்கும் ஆர்மேனியன் தெருவில் உள்ள கன்னி மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் நடப்பவர்கள் ஆர்மேனிய எழுத்துகள் பொறித்த கல்லறைப் பலகைகளின் மீதே நடக்கின்றனர். ஏறத்தாழ 350 பேர் அங்கே அடங்கியுள்ளனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் உலக அளவில் நினைக்கத்தக்கவர் பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோனியன். 1794ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அவர் தொடங்கிய 'அஸ்தரார்' என்னும் திங்களிதழே ஆர்மேனிய மொழியில் உலகின் முதல் இதழாகும். ஆர்மேனிய இதழியல் வரலாறு எழுதுவோர் எவரும் சென்னையில் தொடங்கித்தான் ஆகவேண்டும். 1824இல் மறைந்த அவருடைய கல்லறை அவ்வாலய வளாகத்திலேயே உள்ளது. வழிபடுவதற்கு ஆர்மேனியக் குடும்பங்கள் இல்லாமற்போன பின்பும் வளாகம் தூய்மையாக இருப்பதற்குக் காரணம், கொல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் திருச்சபைக் குழு அதன் பொறுப்பைக் கைவிடாததுதான். யூதர்களின் கல்லறைகளுக்கு அத்தகைய நல்வாய்ப்பு வாய்க்கவில்லை. யேலின் காலத்தில் வைர வாணிகம் செய்து, கோல்கொண்டா வைரச் சுரங்கங்களுக்குச் சென்றபோது நோயுற்று 1687இல் இறந்த ஜாக் த பைவா போன்ற போர்த்துக்கீசிய யூதர்கள் வாழ்ந்த நகரம் இது. அவர்களுடைய பழைய இடுகாடோ நகரம் வளர வளர ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தப்பட்டு, எஞ்சிய சில கற்களே இன்று லாயிட்ஸ் சாலைப் பகுதியில் உள்ளன.

இசுலாமியரின் அடக்கத் தலங்கள் இருவகைப்படும். பொதுமக்கள் அடக்கம் செய்யப்படும் கபர்ஸ்தான் ஒன்று. இறைநேசர்களின் அடக்கத்தின் மீது எழுந்து பலரும் வந்து வேண்டிச்செல்லும் தர்கா மற்றொன்று. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1795இல் சென்னையில் இறந்தாலும் அவருடைய கல்லறை திருச்சிராப்பள்ளியில் நத்தர் வலி தர்கா வளாகத்தில்தான் உள்ளது. இறைநேசரின் அருகில் அடங்குவதைப் பேறாகக் கருதிய மன்னர்களின் வழக்கத்தை இது காட்டுகிறது. அவர் குடும்பத்தார் எழுப்பிய திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில், வடநாட்டின் லக்னோவிலிருந்து நவாபின் அழைப்பை ஏற்று வந்து கல்வி புகட்டி, 'கல்விக் கடல்' என்னும் பொருள்படும் பஹ்ருல் உலூம் பட்டத்தோடு 1810இல் மறைந்த மௌலானா அப்துல் அலி அடங்கியுள்ளார். அதே வளாகத்தில் 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் காலமான காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயிலும் அடக்கம் செய்யப்பட்டார். இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைவராக விளங்கிய இவர், அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்து அதை ஆட்சிமொழியாக்கக் குரல் கொடுத்தவர். அவருடைய பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் எல்லாக் கட்சித் தலைவர்களும் அங்கே மலர்ப்போர்வை போர்த்த வருவதால், கல்வியாளரின் கபரும் அரசியல் தலைவரின் கபரும் ஒரே வளாகத்தில் ஒருசேரப் பேணப்படுகின்றன.

நகரத்தின் வடபகுதிக்கு வரும்போது காட்சி மாறுகிறது. பேசின் பாலத்தை அடுத்த மூலக்கொத்தளம் இடுகாடு, வடசென்னையின் உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் இறந்தோரைப் புதைத்துவரும் பெருநிலம். இங்கேதான் இராஜாஜி அமைச்சரவை பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கியதை எதிர்த்துச் சிறை சென்று, சிறைவாசத்தின்போதே நோயுற்று உயிர்துறந்த நடராசனும் தாளமுத்துவும் அடங்கியுள்ளனர். நடராசன் 1939ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாளும், தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலும் இறந்தனர். முன்னவர் வடசென்னையின் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இளைஞர். பின்னவர் கும்பகோணத்திலிருந்து வந்து மறியலில் கலந்துகொண்டவர். மொழிப்போரின் முதல் களப்பலிகளான இவ்விருவரின் இறுதி ஊர்வலங்களில் பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டதும், அண்ணா உள்ளிட்டோர் உரையாற்றியதும், அதன்பின் ஆண்டுதோறும் இவ்விடம் அரசியல் நிகழ்ச்சிகளின் தலமானதும் தமிழக அரசியலின் போக்கை மாற்றிய செய்திகள். இவர்களுக்கு அருகிலேயே மருத்துவர் தருமாம்பாள் அடங்கியுள்ளார். தஞ்சையை அடுத்த கருந்தட்டான்குடியில் 1890இல் பிறந்து, சித்த மருத்துவம் பயின்று, பெண்கல்விக்கும் கைம்பெண் மறுமணத்துக்கும் உழைத்து, மற்ற ஆசிரியர்களுக்கு நிகரான ஊதியம் தமிழாசிரியர்களுக்கும் கிடைக்க 'இழவு வாரம்' என்னும் போராட்டத்தை முன்னின்று நடத்திய இவ்வம்மையார், ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கிய 1938ஆம் ஆண்டுப் பெண்கள் மாநாட்டை நடத்தியவர்களுள் ஒருவர். தமிழ்நாட்டில் அப்பட்டத்தை உச்சரிக்காத நாளில்லை; அதை வழங்கியோருள் ஒருவரான தருமாம்பாள் எங்கே அடங்கியிருக்கிறார் என்பதை அறிந்தவர்களோ சிலரே.

எழும்பூரில் மாநகர வளர்ச்சிக் குழுமத்தின் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர் சூட்டப்பட்டிருந்தும், அவர்கள் அடங்கிய நிலத்தின் ஒரு பகுதியில் குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தபோது எதிர்த்துக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. வீடற்றவர்களுக்கு வீடு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் பெயர்ப்பலகை இல்லாத ஆயிரக்கணக்கான புதைகுழிகள் உள்ள நிலத்தை வெற்றுநிலம் என்று கருதும் மனப்போக்கு, எளியவர்களின் இடுகாடுகளின் மீது மட்டுமே செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிமெண்ட் மேடையும் பெயரும் உள்ள கல்லறையைச் சுற்றி வேலியிடலாம். மண்மேடு மட்டுமே உள்ள கல்லறை இரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடும். ஓட்டேரியில் உள்ள இரட்டைமலை சீனிவாசனின் கல்லறை இவ்வகையில் விதிவிலக்கு. 1893இல் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் நடத்தி, 1930-31இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் சேர்ந்து ஒடுக்கப்பட்டோரின் உரிமைகளுக்காக வாதிட்ட இவர், 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் காலமானார். 'உரிமைக் களம்' என்று அவரைப் பின்பற்றியோர் பெயரிட்டுப் போற்றிவரும் அவ்விடம், அரசின் கவனம் திரும்புவதற்கு முன்பே சமூகத்தாரின் அன்பால் நிலைபெற்றது. இதழாளராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் அவர் ஆற்றிய பணிகளுக்கு ஈடான இடத்தை நகரத்தின் பொது வரலாற்று நூல்கள் இன்னும் கொடுக்கவில்லை.

கிறித்தவப் பொது இடுகாடுகளுள் கீழ்ப்பாக்கமும் காசிமேடும் சபை வேறுபாடின்றிப் பலரையும் ஏற்று இன்று இடநெருக்கடியில் திணறுகின்றன. பழைய குழிகளையே அதே குடும்பத்தாருக்காகத் திறந்து மீண்டும் அடக்கம் செய்யும் முறையும், அடுக்கடுக்காகக் கட்டிய அறைகளில் உடலை வைக்கும் முறையும் இதனால் வந்தவை. பட்டினப்பாக்கத்தை ஒட்டிய குவிபிள் தீவு இடுகாட்டில் அடங்கியவர்களுள் மக்களின் நெஞ்சில் நீங்காத இடம் பெற்றவர் ஜே.பி. சந்திரபாபு. தூத்துக்குடியின் கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் 1927இல் பிறந்து, மேலைநாட்டு யோடலிங் குரலைத் தமிழ்த் திரைப்பாட்டுக்குள் கொண்டுவந்து, நகைச்சுவையோடு ஆட்டத்தையும் பாட்டையும் இணைத்த இக்கலைஞர், புகழின் உச்சியையும் வறுமையின் அடியையும் ஒருங்கே கண்டு 1974ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் மறைந்தார். அவருடைய சமகாலத் திரைக்கலைஞர்களுள் பெரும்பாலோர் எரியூட்டப்பட்டதால், சென்னையில் நின்று மலர் வைக்கக்கூடிய திரைக்கலைஞர் கல்லறைகளுள் இது அரிய ஒன்றாக உள்ளது.

தலைவர்களின் அடக்கத்தில் பெரிய மாற்றம் திராவிட இயக்கத்தாரால் நேர்ந்தது. சடங்குகளை மறுத்த அவ்வியக்கத்தின் தலைவர்கள் புரோகிதச் சடங்குகளோடு எரியூட்டப்படுவதைத் தவிர்த்துப் புதைக்கப்பட்டனர். 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்த அண்ணா மெரினா கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டபோது கூடிய மக்கள் தொகையை 1.5 கோடி எனக் கின்னஸ் நூல் குறித்தது. 1973ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மறைந்த பெரியார், கடற்கரைக்குச் செல்லாமல் வேப்பேரியில் தம் இயக்கத்தின் தலைமையிடமான பெரியார் திடலிலேயே அடங்கினார். 1978இல் மறைந்த மணியம்மையாரும் அங்கேயே உள்ளார். அரசு பொறுப்பேற்றிராவிட்டாலும் இயக்கம் உள்ளவரை அக்கல்லறைக்குக் குறைவு வராது என்பதே அவ்விடத்தின் சிறப்பு. மெரினாவிலோ முழுப் பொறுப்பும் அரசினுடையது. 1987இல் எம்.ஜி.ஆரும், 2016இல் ஜெயலலிதாவும், 2018இல் கருணாநிதியும் அண்ணாவைத் தொடர்ந்து அங்கே அடக்கமாயினர். எம்.ஜி.ஆர். சமாதியின் கருங்கல்லில் காது வைத்து, அவர் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் ஓசை கேட்கிறதா என்று பார்க்கும் கிராமத்து மக்களை இன்றும் காணலாம். கடிகாரம் ஓடுகிறதா என்பது முக்கியமன்று. தலைவர் இன்னும் தங்களோடு இருக்கிறார் என்னும் பற்றே அங்கே கைவைத்துக் குனியும் ஒவ்வொருவரையும் நடத்துகிறது.

கருணாநிதிக்கு இடம் ஒதுக்க அன்றைய அரசு மறுத்ததும், 2018 ஆகஸ்டு 7ஆம் நாள் நள்ளிரவில் தொடங்கி மறுநாள் காலை வரை உயர் நீதிமன்றம் வழக்கை விசாரித்து மெரினாவில் அடக்கம் செய்ய அனுமதித்ததும், அடக்க இடம் என்பது எவ்வளவு பெரிய அரசியல் அங்கீகாரமாக மாறிவிட்டது என்பதைக் காட்டின. முன்னாள் முதல்வர்களுக்கு அரசு காட்டிய இடம் கிண்டி. அங்கே 1975இல் மறைந்த காமராசரின் உடல் எரியூட்டப்பட்ட இடத்தில் நினைவாலயமும், இராஜாஜிக்கும் பக்தவத்சலத்துக்கும் மண்டபங்களும் உள்ளன. கடற்கரையில் கூடும் கூட்டம் கிண்டிக்கு வருவதில்லை. எரிந்து நீறானவரின் நினைவிடத்துக்கும் உடல் உறங்கும் கல்லறைக்கும் மக்கள் மனத்தில் உள்ள வேறுபாடே அதற்குக் காரணமாகலாம். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மதித்து, இனி எவருக்கும் மெரினாவில் இடமில்லை என்று கட்சி வேறுபாடின்றி முடிவெடுப்பதே கடற்கரைக்கும் அங்கே முன்பே அடங்கியுள்ள தலைவர்களுக்கும் நல்லது.

பராமரிப்பின் உயர்ந்த எல்லையைக் காண நந்தம்பாக்கத்துக்குச் செல்ல வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பேணும் அங்குள்ள இடுகாட்டில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் அடங்கியுள்ளனர். படைத்தலைவருக்கும் கடைநிலை வீரருக்கும் ஒரே அளவுக் கல். ஒவ்வொன்றிலும் பெயர், பிரிவு, நாள். இவர்களுள் புகழ்பெற்றோர் அரியர். ஆயினும் ஒரு வீரரின் பேரன் எழுபது ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்து வந்தாலும் சில நிமிடங்களில் தாத்தாவின் கல்லைக் கண்டுபிடித்துவிடலாம். பெயரும் குழி எண்ணும் பொருந்திய ஒரு பதிவேடும், அதைப் புதுப்பித்துவரும் அலுவலகமும் இருப்பதே அதற்குக் காரணம். மூலக்கொத்தளத்தில் அடங்கிய தன் பாட்டனைத் தேடிவரும் பெயரனுக்கு அந்த வசதி இல்லை.

இதுவரை கண்டவற்றால், சென்னையின் அடக்கத் தலங்களைப் பற்றிய ஆய்வு ஐரோப்பியர் பகுதியில் முதிர்ந்தும் தமிழர் பகுதியில் தொடக்க நிலையிலும் நிற்கிறது என்பது புலனாகும். காட்டனின் பட்டியலும், 1913இல் ஹென்றி டேவிசன் லவ் எழுதிய பழைய சென்னை வரலாற்றுத் தொகுதிகளும், பின்னாளில் எஸ். முத்தையாவின் எழுத்துகளும் கோட்டையையும் ஆர்மேனியன் தெருவையும் ஆய்வாளருக்கு எளிதாக்கிவிட்டன. ஓட்டேரிக்கும் மூலக்கொத்தளத்துக்கும் கிருஷ்ணாம்பேட்டைக்கும் கபர்ஸ்தான்களுக்கும் அதே உழைப்பு தேவை. மாநகராட்சியின் இறப்புப் பதிவேடுகளும், இடுகாட்டுக் காவலர்களும் வெட்டியாள்களும் வாய்வழியாகச் சொல்லும் செய்திகளும், சபைகளிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள அடக்கப் பதிவுகளும் ஒன்றாகத் தொகுக்கப்பட வேண்டும். இடுகாடுகளில் மூன்று, நான்கு தலைமுறையாகப் பணிசெய்யும் குடும்பங்களின் முதியவர்கள் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும். சென்னை மாநகராட்சியும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் இணைந்து, எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, எழுத்தில்லாத முக்கியக் கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை வைத்து, தமிழில் ஒரு பட்டியல் நூலை வெளியிடுவது காலம் கடத்தாமல் செய்ய வேண்டிய கடமையாகும்.